மக்கள் மனப்போக்கு மாறுகிறதா? தொடர் ஆய்வுகளில் புதிதாகச் சேர்வோருக்கு ஒரு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரக் கல்லூரிகளில் சமூகவியலோ சமூகப்பணியோ புள்ளியியலோ படித்து வெளியே வரும் இளைஞர்கள் சிலருக்குக் கிடைக்கும் முதல் வேலை, ஏதேனும் ஒரு தேசிய ஆய்வின் களப்பணியாக இருக்கிறது. பயிற்சியில் டேப்பை (கேள்விகள் ஏற்றப்பட்ட கைக்கணினியை) இயக்குவது, எந்தப் பதிலுக்குப் பின் எந்தக் கேள்விக்குத் தாவுவது, இரவில் தரவை எப்படி அனுப்புவது என்பனவெல்லாம் கற்றுத்தரப்படும். கேள்வியில் ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது என்றும் எச்சரிப்பார்கள். ஏன் மாற்றக் கூடாது என்பதுதான் பெரும்பாலும் விளக்கப்படாமலே போய்விடும். காரணம் தெரியாத விதியை வெயிலில் நான்காவது வீட்டு வாசலில் நிற்கும்போது யாரும் மதிப்பதில்லை. களத்துக்குப் போகிறவர்களுக்கும், தம் ஊரில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சிறிய அளவில் இத்தகைய ஆய்வை நடத்திப் பார்க்க விரும்புகிறவர்களுக்கும் அந்தக் காரணங்களைச் சொல்வதே இக்கட்டுரையின் வேலை.

ஒருமுறை கேட்டு விடும் கருத்துக்கணிப்பு வேறு, குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்பக் கேட்கும் தொடர் ஆய்வு வேறு. அமெரிக்காவின் பொதுச் சமூக ஆய்வு 1972 முதலும், பிரிட்டனின் சமூக மனப்போக்கு ஆய்வு 1983 முதலும், ஐரோப்பிய சமூக ஆய்வு 2002 முதலும் நடக்கின்றன. பல நாடுகளை உள்ளடக்கிய உலக மதிப்பீடுகள் ஆய்வு 1981-இல் தொடங்கியது. நம் நாட்டில் புள்ளியியலாளர் மகலனோபிஸ் முயற்சியால் 1950-இல் பிறந்த தேசிய மாதிரி ஆய்வு பெரும்பாலும் செலவு, வேலை, வருவாய் போன்றவற்றையே அளக்கிறது. மனப்போக்கைத் தேடுவோர் டெல்லியின் சிஎஸ்டிஎஸ் என்ற சமூக ஆய்வு நிறுவனத்தின் லோக்நீதிப் பிரிவு நடத்தும் தேர்தல் ஆய்வுகளையும், 1992-93 முதல் பல சுற்றுகளாக நடந்துவரும் தேசியக் குடும்ப நல ஆய்வின் சில பகுதிகளையும் பார்க்க வேண்டும்.

தொடர்ச்சியின் மதிப்பு என்ன என்பதற்கு ஒரே எடுத்துக்காட்டு போதும். ஒரே பாலினத்தவர் உறவு ‘எப்போதுமே தவறு’ என்று பிரிட்டனில் 1983-இல் சொன்னவர்கள் 50 விழுக்காடு; 2022-இல் 9 விழுக்காடு. இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக் கோடு போட்டால் சீரான இறக்கம் போலத் தோன்றும். உண்மையில் எய்ட்ஸ் அச்சம் பரவியிருந்த 1987-இல் அது 64 விழுக்காடாக ஏறி, அதன் பிறகுதான் இறங்கத் தொடங்கியது. இடையிலும் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் அந்த ஏற்றம் நமக்குத் தெரிகிறது.

எதை அளக்கப்போகிறோம் என்று முடிவு செய்தல்

செயல், அறிவு, மனப்போக்கு என்று மூன்றையும் முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். ‘சென்ற வாரம் உங்கள் வீட்டில் ஆண்கள் யாராவது சமைத்தார்களா?’ என்பது செயலைப் பற்றிய கேள்வி. ‘மகளுக்குச் சொத்தில் உரிமை உண்டு என்று சட்டம் சொல்கிறதா?’ என்பது அறிவு. ‘மகனுக்கும் மகளுக்கும் சமமாகக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களா?’ என்பதுதான் மனப்போக்கு. தமிழகத்தில் 1989-லும் நாடு முழுவதற்கும் 2005-லும் மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் சம உரிமை தரும் சட்டத் திருத்தங்கள் வந்துவிட்டன. ஆகவே அறிவுக் கேள்விக்குச் சரியான விடை சொல்கிறவரே மனப்போக்குக் கேள்விக்கு நேர் எதிராகப் பதில் சொல்லலாம். இரண்டையும் ஒரே கேள்வியில் கலந்துவிட்டால், பின்னாளில் எண் மாறும்போது மாறியது சட்ட அறிவா மனமா என்று பிரித்தறிய வழியே இருக்காது.

இன்னொன்று: அடுத்த பத்தாண்டுகளுக்கும் பொருந்தும் கேள்விகளையே தொடர் ஆய்வுக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த மாதச் செய்தியைப் பற்றிய கேள்வி அடுத்த சுற்றில் யாருக்கும் விளங்காது. அத்தகைய கேள்விகளை ஓரிரண்டு சேர்த்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் மாறாத கேள்விகளின் தொகுதி தனியாக, முன்னதாக இருக்க வேண்டும்.

யாரைக் கேட்பது: வீடு, அடுப்பு, ஆள்

செட்டிநாட்டில் இது பாடநூலில் உள்ளதைவிடச் சிக்கலானது என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரும்பாலான இந்திய ஆய்வுகளில் குடும்பம் என்பது ஒன்றாக வாழ்ந்து ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்களின் தொகுதி. கட்டடம் எத்தனை பெரியது, பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பவை கணக்கில் வாரா. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வழக்கில் புள்ளி என்று எண்ணுவது வேறு வகை: திருமணமான ஆண் ஒருவரின் குடும்பம் ஒரு புள்ளி, கோயிலுக்கு வரி வைப்பதும் அந்தக் கணக்கில்தான். மணமான மகனை வேறுவைக்கும் பழைய வழக்கப்படி ஒரே வளவுக்குள் (வீட்டின் உள்முற்றப் பகுதிக்குள்) அப்பச்சிக்கு, அதாவது தந்தைக்கு, ஓர் அடுப்பு, மூத்த மகனுக்கு ஓர் அடுப்பு, இளையவனுக்கு ஓர் அடுப்பு என்று தனித்தனியே சமையல் நடக்கலாம். அது ஆய்வின் விதிப்படி மூன்று குடும்பம். முதல் சுற்றில் வந்த களப்பணியாளர் அதை ஒரே குடும்பமாகவும், அடுத்த சுற்றில் வந்தவர் மூன்றாகவும் எழுதினால், ஊரில் ஒருவர்கூட இடம் மாறாமலே சராசரிக் குடும்ப அளவு சுருங்கிவிட்டதாகத் தரவு சொல்லும்.

வீட்டுப் பட்டியல் தயாரிக்கும்போது வேறு இரண்டு பிழைகள் இங்கு அடிக்கடி நேரக்கூடியவை. பல வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டிருப்பதால், இரண்டு தெருக்களை இரண்டு பேர் பிரித்துக்கொண்டு எழுதினால் ஒரே வீடு இருமுறை பட்டியலில் ஏறும். மாறாக, முகப்பில் பெரிய பூட்டுத் தொங்குவதைப் பார்த்து ‘ஆளில்லா வீடு’ என்று எழுதிவிட்டுப் போனால், பின்கட்டில் குடியிருந்து வீட்டைப் பார்த்துக்கொள்ளும் காவல்காரர் குடும்பம் கணக்கிலிருந்தே விடுபடும். அந்தக் குடும்பமும் மாதிரியில், அதாவது பேட்டிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோர் தொகுதியில், வர உரிமை உள்ள குடும்பம்தான். பூட்டிய வீட்டின் பங்காளிகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் அவர்கள் இங்கே சேரமாட்டார்கள். சென்னையில் இருப்பவருக்கு அங்கே மாதிரியில் வர வாய்ப்பு உண்டு. ஆகவே பட்டியல் எடுக்கும் நாளில் பின்வாசல்வரை நடந்து பார்த்துவிட்டு, அக்கம்பக்கத்தில் ஒருவரிடமாவது கேட்டுவிட்டு எழுதுங்கள்.

கல்யாணமும் முன்னோருக்குப் படையலிடும் படைப்பும் வரும் நாள்களில் ஊர் நிறைந்து வழியும். வந்து தங்கியிருக்கும் விருந்தாளியைச் சேர்ப்பதா கூடாதா? தேசியக் குடும்ப நல ஆய்வு முந்தைய இரவு அந்த வீட்டில் தங்கிய விருந்தாளிப் பெண்களையும் பேட்டிக்கு எடுத்துக்கொள்கிறது. வழக்கமாக அங்கேயே வசிப்பவர்களை மட்டும் எடுக்கும் ஆய்வுகளும் உண்டு. எந்த விதி என்பதைவிட, எல்லாச் சுற்றுக்கும் ஒரே விதி என்பதே முக்கியம். சுற்று நடக்கும் மாதமும் அப்படித்தான். தை மாதத்தில் பழனிக்கு நடந்து போவோரும் சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போவோரும் வீட்டில் அகப்படமாட்டார்கள். அவர்கள் எண்ணிக்கையில் சிலரே என்றாலும், பக்தியைப் பற்றியோ காளை விளையாட்டைப் பற்றியோ கேட்கும் ஆய்வில் விடுபடக் கூடாதவர்கள் அவர்கள்தாம்.

குடும்பத்துக்குள் யாரைக் கேட்பது என்பதையும் களப்பணியாளர் தீர்மானிக்கக் கூடாது. கதவைத் திறப்பவரையே கேட்டால் பகலில் வீட்டிலிருக்கும் முதியவர்களும் பெண்களுமே மாதிரியில் நிறைவார்கள். 1949-இல் புள்ளியியலாளர் லெஸ்லி கிஷ் வகுத்த அட்டவணை முறையில் குடும்பத்தின் வயது வந்தவர்களை வரிசையிட்டு ஒருவர் தேர்வு செய்யப்படுவார்; அடுத்து யாருக்குப் பிறந்தநாள் வருகிறதோ அவரைக் கேட்பது எளிய மாற்று. இப்போது டேப்பே தேர்ந்து சொல்லிவிடுகிறது. அது சொல்லும் ஆள் திருப்பூரில் வேலைக்குப் போய் ஞாயிற்றுக்கிழமை வருவார் என்றால் ஞாயிற்றுக்கிழமை திரும்பப் போக வேண்டும். அவருக்குப் பதிலாக வாசலில் நிற்கும் தம்பியைப் பிடித்து உட்கார வைப்பது, பார்ப்பதற்குச் சிறு வசதிபோல் இருந்தாலும், மாதிரியைக் கெடுப்பதில் முதலிடம் அதற்குத்தான்.

எத்தனை பேர்

எண்ணிக்கை பெரிதாக இருந்தால் போதும் என்ற எண்ணத்தை 1936-லேயே அமெரிக்கா உடைத்துக் காட்டிவிட்டது. லிட்டரரி டைஜஸ்ட் என்ற இதழ் சுமார் ஒரு கோடி வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பி, இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைத் திரும்பப் பெற்று, அந்த ஆண்டின் அதிபர் தேர்தலில் லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். முகவரிகள் தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் உரிமையாளர் பட்டியலிலிருந்தும் எடுக்கப்பட்டிருந்தன. அந்தப் பொருளாதார மந்தக் காலத்தில் அவை வசதியானவர்களின் பட்டியல்கள். அதோடு, சீட்டைத் திருப்பி அனுப்ப அக்கறை கொண்டவர்களின் கருத்தே எண்ணப்பட்டது.

முறையாகக் குலுக்கி எடுத்த மாதிரியில் 1,000 பேர் இருந்தால், பாதிக்குப் பாதி பிரியும் ஒரு விடையில் பிழை எல்லை (மாதிரியின் எண் உண்மை எண்ணிலிருந்து விலகக்கூடிய அளவு) கூடவோ குறையவோ சுமார் 3.1 விழுக்காட்டுப் புள்ளி. இதைத்தான் எல்லாரும் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறார்கள். தொடர் ஆய்வில் நமக்கு வேண்டியதோ இரண்டு சுற்றுகளின் வித்தியாசம். இரண்டிலும் தலா 1,000 பேர் என்றால் அந்த வித்தியாசத்தின் பிழை எல்லை சுமார் 4.4. கிராமம் கிராமமாகக் கொத்தாக எடுக்கும் மாதிரியில் பக்கத்து வீட்டார் ஒரே மாதிரி நினைக்கும் வாய்ப்பு இருப்பதால் பிழை இன்னும் விரியும். கொத்தாக எடுப்பதால் விடைகளின் மாறுபாடு (variance) இரண்டு மடங்காகிறது என்று கொண்டால், பிழை எல்லை அதன் வர்க்கமூலத்தால் பெருகி, அதே வித்தியாசத்துக்கு எல்லை 6.2 ஆகிவிடும். அதாவது போன முறை 48, இந்த முறை 52 என்றால் ‘மக்கள் மனம் மாறிவிட்டது’ என்று எழுத உங்களுக்கு உரிமை இல்லை.

இதிலிருந்தே இன்னொன்றும் விளங்கும். ஒரு தேசிய ஆய்வில் சிவகங்கை மாவட்டத்துக்கு ஒன்றிரண்டு கிராமங்களே விழலாம். சில சுற்றுகளில் ஒன்றுமே விழாமலும் போகலாம். செட்டிநாடோ சிவகங்கை, புதுக்கோட்டை என இரண்டு மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. ‘செட்டிநாட்டு மக்கள் இப்படி நினைக்கிறார்கள்’ என்று தேசிய ஆய்வை வைத்து யாராவது எழுதினால் நம்பாதீர்கள். தேசியக் குடும்ப நல ஆய்வு 2015-16 சுற்றிலிருந்து மாவட்ட அளவில் பல எண்களைத் தருகிறது என்பது உண்மைதான். ஆனால் மனப்போக்கு சார்ந்த கேள்விகள் மாதிரியின் ஒரு சிறு பகுதியில் மட்டும் கேட்கப்பட்டு மாநில அளவில்தான் வெளியாகின்றன. செட்டிநாட்டுக்கென்று எண் வேண்டுமானால், தேசிய ஆய்வின் கேள்வியை அப்படியே எடுத்து இங்கே தனி மாதிரியில் கேட்பதே வழி.

கேள்வி

மாற்றத்தை அளக்க வேண்டுமானால் அளவுகோலை மாற்றாதே என்பது இத்துறையின் பழைய வாக்கு. புதியவர்களுக்கு வரும் பெரிய சபலம், பழைய கேள்வியைத் திருத்திவிட வேண்டும் என்பதுதான். கேள்வி உண்மையிலேயே மோசமாக இருக்கும். அதுவும் நன்கு படித்தவர் கண்ணில் உடனே படும். இருந்தாலும் அதன் மதிப்பு அதன் அழகில் இல்லை, இருபது ஆண்டுகளாக அதே சொற்களில் கேட்கப்பட்டு வருவதில் இருக்கிறது.

சொல் என்ன செய்யும் என்பதற்குச் சோதனைச் சான்றுகள் உண்டு. 1941-இல் டொனால்டு ரக் என்பவர் வெளியிட்ட ஒப்பீட்டில், ஜனநாயகத்துக்கு எதிரான பேச்சுகளை ‘அனுமதிக்க’ வேண்டுமா என்று ஒரு பகுதியினரையும் ‘தடைசெய்ய’ வேண்டுமா என்று மற்றொரு பகுதியினரையும் கேட்டபோது, அனுமதிக்கக் கூடாது என்றவர்கள் தடைசெய்ய வேண்டும் என்றவர்களைவிடச் சுமார் இருபது விழுக்காட்டுப் புள்ளி கூடுதலாக இருந்தார்கள். அனுமதிக்காமல் இருப்பதும் தடைசெய்வதும் நடைமுறையில் ஒன்றேதான். அமெரிக்காவின் பொதுச் சமூக ஆய்விலும் 1980-களிலிருந்து மாதிரியைப் பிரித்து, அரசு ‘ஏழைகளுக்கு உதவ’ப் போதிய அளவு செலவிடுகிறதா என்று ஒரு பகுதியிடமும் ‘வெல்ஃபேர்’ (அரசு நல உதவி) என்ற சொல்லை வைத்து மற்றொரு பகுதியிடமும் கேட்டு வருகிறார்கள். ‘செலவு போதாது’ என்ற விடை முதல் வடிவத்திலேயே மிக அதிகம். நம் ஊரில் ‘நலத்திட்டம்’ என்று கேட்பதற்கும் ‘இலவசம்’ என்று கேட்பதற்கும் இடையே என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்தியாவிலிருந்து ஒரு பாடம். கணவன் மனைவியை அடிப்பதில் நியாயம் உண்டா என்ற கேள்வித் தொகுதியைத் தேசியக் குடும்ப நல ஆய்வு கேட்டு வருகிறது. 1998-99 சுற்றில் ஆறு காரணங்கள் படித்துக் காட்டப்பட்டன. அவற்றுள் ஒன்று, பிறந்த வீட்டார் எதிர்பார்த்த பணமோ நகையோ தராமை. 2005-06 சுற்றில் அந்தக் காரணம் நீங்கி, வேறு காரணங்கள் சேர்ந்து, ஏழாயின. முதலதில் மணமான பெண்களை மட்டும் கேட்டார்கள். அடுத்ததில் மணமாகாதவர்களையும் ஆண்களையும் சேர்த்துக் கேட்டார்கள். இரண்டு மாற்றமும் நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டவைதாம். ஆனால் ‘ஏதேனும் ஒரு காரணத்துக்காவது நியாயம்’ என்ற கூட்டு எண்ணை இந்த இரண்டு சுற்றுகளுக்கிடையே நேராக வைத்து ஒப்பிட முடியாது. இரண்டிலும் பொதுவாக உள்ள காரணங்களை, மணமான பெண்களுக்கு மட்டும், தனித்தனியாக எடுத்துத்தான் ஒப்பிட வேண்டும். ஒரு வருஷம் ஒரு படியாலும் மறு வருஷம் வேறு படியாலும் நெல்லை அளந்துவிட்டு விளைச்சல் கூடியதா குறைந்ததா என்று கேட்பதுபோல்தான் அது.

நீங்களே புதிதாகக் கேள்வி எழுத நேர்ந்தால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ‘பெண்கள் வேலைக்குப் போவதும் ஆண்கள் சமையலில் உதவுவதும் நல்லதுதானே?’ என்பதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. போதாததற்கு ‘தானே’ விடையையும் சொல்லிவிடுகிறது. ‘மகளுக்குப் பங்கு கொடுக்கக் கூடாது என்பதை நீங்கள் ஏற்கவில்லையா?’ என்று கேட்டால், தமிழில் ‘ஆமாம்’ என்ற விடைக்கு இரண்டு பொருளும் வரும். மூன்றாவதாக, வீடு தேடி வந்தவரிடம் மறுத்துப் பேசாத மரியாதை நம்மிடம் அதிகம் என்பதால், ‘ஒத்துக்கொள்கிறீர்களா’ வகைக் கேள்விகளுக்கு ‘ஆமாங்க’ தாராளமாக வரும். ஆகவே இரண்டு தரப்பையும் சம எடையில் வைத்து, ‘சிலர் இப்படிச் சொல்கிறார்கள், வேறு சிலர் அப்படிச் சொல்கிறார்கள், உங்கள் கருத்து எதற்கு நெருக்கம்?’ என்று கேட்பது நல்லது. எழுதியபின் இருபது முப்பது பேரிடம் கேட்டுப் பார்த்து, அவர்கள் கேள்வியை என்னவாகப் புரிந்துகொண்டார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். இந்தத் திருத்தமெல்லாம் முதல் சுற்றுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

வாசலில்

பங்குக் கேள்வி செட்டிநாட்டில் எப்படிக் கேட்கப்படும் என்று கற்பனை செய்து பாருங்கள். முகப்புத் திண்ணையில் ஆச்சி உட்கார்ந்திருக்கிறார்.

“ஆச்சி, பெத்தவுக சொத்துல மகனுக்கும் மகளுக்கும் சமமாப் பங்கு கொடுக்கணும்னு சிலர் சொல்றாங்க. மகனுக்குக் கூடக் கொடுக்கிறதுதான் சரின்னு வேற சிலர் சொல்றாங்க. உங்களுக்கு எது சரியாப் படுது?”

“அதான் கல்யாணத்துல வெள்ளி, பித்தளை, வைரம்னு சாமான் பரப்பிக் கொடுத்தாச்சே தம்பி. அது பங்கு இல்லையா?”

இந்த இடத்தில் களப்பணியாளரின் நாக்கு தானாகவே ‘அதை விட்டுட்டுச் சொல்லுங்க ஆச்சி’ என்று சொல்லத் துடிக்கும். சொன்னால் கேள்வி மாறிவிட்டது. இந்த வாசலில் ஒரு கேள்வியும் திண்டுக்கல்லில் வேறு கேள்வியும் கேட்கப்பட்டதாக ஆகும். சொல்ல வேண்டியது: “நீங்க அதை எப்படி எடுத்துக்கிறீகளோ அப்படியே வச்சுச் சொல்லுங்க ஆச்சி.” பிறகு கேள்வியை அதே சொற்களில் இன்னொரு முறை படிக்க வேண்டும். சீர் சேர்த்தா சேர்க்காமலா என்பது இந்த வட்டாரத்துக்கு உண்மையிலேயே முக்கியமான கேள்வி என்பதில் எனக்கு ஐயமில்லை. அதைத் தனிக் கேள்வியாக, தேசியக் கேள்விக்குப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். முன்னால் வைத்தால் சீரை நினைவூட்டிவிட்டுப் பங்கைக் கேட்டதாகிவிடும்.

“நான் என்னத்தைச் சொல்றது, அவுகளைக் கேளுங்க” என்பது அடுத்து எதிர்பார்க்க வேண்டிய பதில். ‘அவுக’ உள்ளேயிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் பேட்டி அவருடையதாகிவிடும். மனப்போக்குக் கேள்விகளில் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதே விடையை மாற்றும். மாமியார் வளவில் இருக்க, மருமகளிடம் கணவன் அடிப்பதைப் பற்றிக் கேட்பதில் பயனில்லை. இரண்டாம் கட்டுக்கோ கொல்லைப்புறத்துக்கோ நகர்ந்து போய்க் கேட்க இடம் கிடைக்குமா என்று பாருங்கள். இடமே கிடைக்காவிட்டால் யார் உடனிருந்தார் என்பதைப் படிவத்தில் குறியுங்கள். பெண்களைப் பெண்களே பேட்டி எடுக்க வேண்டும் என்று ஆய்வு வகுத்திருந்தால், ஆள் பற்றாக்குறையைக் காட்டி ஒரு சுற்றில் மட்டும் அதைத் தளர்த்தக் கூடாது.

எந்த ஆய்வானாலும் இப்போது வாசலில் முதலில் வரும் கேள்வி, “ரேஷன் கார்டுக்கா? உரிமைத் தொகைக்கா?” என்பதுதான். 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியதிலிருந்து, வீடு தேடி வந்து கேட்பவர் ஏதோ ஒரு பட்டியலில் சேர்க்கவோ நீக்கவோ வந்தவர் என்ற எண்ணம் எழுவது இயல்பு. அந்த எண்ணத்தோடு உட்காருபவர் வசதியைக் குறைத்துச் சொல்வார், அரசைப் பற்றிய கருத்தில் தயங்குவார். இதனால் எதுவும் கிடைக்காது, எதுவும் போகாது, பெயர் வெளியே வராது, விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற நான்கையும் அறிமுகத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஏதாவது கிடைக்கும் என்று ஆசைகாட்டி உட்கார வைப்பது பெரும் குற்றம்.

களப்பணியாளரால் வரும் சாய்வைக் கண்டுபிடிக்க மகலனோபிஸ் ஒரு வழி வைத்திருந்தார்: ஒரே பகுதியில் ஒரே முறையில் இரண்டு தனி மாதிரிகளை எடுத்து, இரண்டு வெவ்வேறு குழுக்களிடம் கொடுத்து, முடிவுகளை ஒப்பிடுவது. சிறிய ஆய்விலும் இதைச் செய்யலாம். இரண்டு குழுக்களின் எண்கள் மிகவும் விலகினால், மக்களைப் பற்றிப் பேசுவதற்கு முன் குழுக்களைப் பற்றிப் பேச வேண்டும்.

எடையிடுதல்

வந்து சேர்ந்த மாதிரி மக்கள்தொகையைப் போல இல்லாவிட்டால் எடை கொடுத்துச் சரிசெய்வார்கள். கணக்கு எளிது. முதல் சுற்றில் 60 விழுக்காடு பெண்கள், 40 விழுக்காடு ஆண்கள் அகப்பட்டார்கள். ஒரு கருத்தைப் பெண்களில் 70 விழுக்காடும் ஆண்களில் 40 விழுக்காடும் ஏற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எடையிடாத மொத்தம் 58. ஆண், பெண் சரிபாதி என்று எடையிட்டால் 55. அடுத்த சுற்றில் ஞாயிற்றுக்கிழமைகளிலும் போய்ச் சரிபாதி ஆண்களைப் பிடித்துவிட்டீர்கள், யாருடைய கருத்தும் மாறவில்லை என்றால் வரும் எண் 55. முதல் சுற்றில் எடையிடாமல் விட்டவருக்கு மூன்று புள்ளி வீழ்ச்சி தெரியும், அதற்கு அவர் ஒரு காரணமும் கண்டுபிடித்து எழுதுவார். எடைக்கான அடிப்படை மக்கள்தொகைக் கணக்கு. 2021-இல் நடக்க வேண்டியது தள்ளிப்போனதால் 2011 கணக்கையே நீண்டகாலம் சார்ந்திருக்க நேர்ந்தது என்பதையும் முடிவுகளைப் படிக்கும்போது மறக்காதீர்கள்.

இரண்டு எண்களை ஒப்பிடும்போது

மேலே சொன்ன அடிப்பதற்கான ‘நியாயம்’ பற்றிய ஏழு காரணங்களில் ஒன்றையாவது ஏற்றவர்கள் இந்திய அளவில் 2005-06-இல் பெண்களில் 54, ஆண்களில் 51 விழுக்காடு. 2015-16-இல் 52, 42. 2019-21-இல் 45, 44. பெண்களின் எண் கடைசி இரண்டு சுற்றுகளுக்கிடையே தெளிவாக இறங்கியிருக்கிறது. ஆண்களிடம் முதலில் பெரிய இறக்கம், பிறகு ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும் நிலை. அந்த இரண்டு புள்ளியை ‘ஆண்கள் பின்னோக்கிப் போகிறார்கள்’ என்று தலைப்பாக்க நான் துணியமாட்டேன். 2019-21 சுற்று இரண்டு கட்டங்களாக நடந்தது. தமிழகம் இருந்த இரண்டாம் கட்டத்தில் ஊரடங்கால் களப்பணி நின்று மீண்டும் தொடர்ந்தது. அடுத்த சுற்றும் அதே திசையில் போனால் அப்போது எழுதலாம்.

மாற்றம் உண்மை என்று தெரிந்தபின், அதே மனிதர்கள் மனம் மாறினார்களா, கேட்கப்பட்ட ஆள்களே மாறிவிட்டார்களா என்று பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் 15 முதல் 49 வயதுப் பெண்களைக் கேட்கும் ஆய்வில் பதினான்கு ஆண்டுகளில் மூத்தவர்கள் ஒரு பகுதியினர் வயது வரம்பைத் தாண்டி வெளியேறி, புதிய இளையவர்கள் உள்ளே வந்துவிடுகிறார்கள். யாரும் மனம் மாறாமலே சராசரி மாறலாம். இதைப் பிரிக்க, 2005-06-இல் 15–19 வயதில் இருந்தவர்களின் விடையை, 2019-21-இல் முப்பதை ஒட்டிய வயதில் இருப்பவர்களின் விடையோடு வைத்துப் பார்க்க வேண்டும்; ஆள்கள் அதே ஆள்களல்லர், ஆனால் அதே தலைமுறை. இரண்டும் ஒன்றாக இருந்தால் மாற்றம் தலைமுறைப் பெயர்ச்சியால் வந்தது. வேறாக இருந்தால் வயதோ காலமோ வேலை செய்திருக்கிறது.

நகரம், கிராமம் என்று பிரித்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காரைக்குடி 2024-இல் மாநகராட்சியாக உயர்ந்தபோது சுற்றியிருந்த உள்ளாட்சிப் பகுதிகளும் அதனுள் வந்தன. முந்தைய சுற்றில் ஊரகமாக எண்ணப்பட்ட வாசல் அடுத்த சுற்றில் நகர்ப்புறமாகும். ‘நகர்ப்புறத்தார் மனம் கிராமத்தாரை நெருங்குகிறது’ என்று தோன்றும் மாற்றத்தில் இந்த எல்லைக்கோட்டின் பங்கு எவ்வளவு என்று முதலில் கழித்துப் பாருங்கள்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால்

சில வேளைகளில் மாற்றாமல் இருக்க முடியாது. பிரிட்டனின் சமூக மனப்போக்கு ஆய்வு 2020-இலும் அமெரிக்காவின் பொதுச் சமூக ஆய்வு 2021-இலும் பெருந்தொற்றால் நேர்முகப் பேட்டியைக் கைவிட்டு இணையவழிக்கு மாற நேர்ந்தது; இரண்டுமே பழைய எண்களோடு ஒப்பிடும்போது எச்சரிக்கை தேவை என்று அறிவித்தன. ஆள் எதிரே இல்லாதபோது சங்கடமான விடையைத் தயங்காமல் தருகிறவர்கள் கூடுவார்கள், அதை மனமாற்றம் என்று கொள்ள முடியாது. உங்கள் ஆய்வில் கேள்வியையோ முறையையோ மாற்றும் கட்டாயம் வந்தால், ஒரு சுற்றில் மட்டும் மாதிரியைக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழையது, மறு பாதிக்குப் புதியது என்று கேளுங்கள். இரண்டு பாதிகளுக்கிடையிலான வித்தியாசம்தான் பழைய தொடரையும் புதிய தொடரையும் இணைக்கும் பாலம். இது செலவு பிடிக்கும். செலவைத் தவிர்த்தவர்கள் தொடரை முறித்துக்கொண்டு மறுபடி முதல் சுற்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு சுற்று முடிந்தவுடனும், தரவைத் தொடுவதற்கு முன்பே, ஒரு கோப்பை எழுதி வைத்துவிடுங்கள்: வாசலில் படிக்கப்பட்ட தமிழ் வினாப்படிவம் அச்சுப் பிசகாமல், விடை அட்டைகளின் வரிசை, களப்பணி நடந்த தேதிகள், எத்தனை வீடுகள் பூட்டியிருந்தன, எத்தனை பேர் மறுத்தார்கள், எத்தனை முறை திரும்பப் போனீர்கள், எடைக்கு எந்தக் கணக்கைப் பயன்படுத்தினீர்கள், பயிற்சியில் களப்பணியாளர்கள் கேட்ட சந்தேகங்களுக்கு என்ன பதில் தரப்பட்டது. கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தோன்றும். ஆனால் ‘சீர் பங்கில் சேருமா?’ என்று பயிற்சியில் ஒருவர் கேட்டு, மேற்பார்வையாளர் ஒரு விடை சொல்லியிருந்தால், ஐந்தாண்டுக்குப் பின் வரும் குழுவுக்கும் அதே விடை தெரிந்திருக்க வேண்டும்.